அரைப் படத்துக்கு முதலிடம்

கிரேக்க நாட்டின் கவாலாவில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்காவது அதைச் சொல்லிக்கொடுத்தவர் அசிமினா மவ்ரிது. துறைமுகத்திலிருந்து மலையை நோக்கி நெட்டுக்குத்தாக ஏறும் தெருக்களில், ஒரு காலைத் தன் பக்கத்து பிரேக்கின்மேல் இலேசாக வைத்தபடி, பின்னால் ஒலிக்கும் ஹார்ன்களைப் பொருட்படுத்தாமல், மனிதர்களுக்குப் பதறாமலிருக்கக் கற்றுக்கொடுப்பது அவருடைய தொழில். ஊர் அவரை மதிப்பது வேறொன்றுக்காக. ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் அவர் அந்த ஆண்டின் சிறந்த படங்களென்று பத்தைத் தேர்ந்தெடுப்பார். அவை ஒரு தாளில் எழுதப்பட்டு, பழைய புகையிலைக் கிடங்கொன்றில் இயங்கும் திரையரங்கின் வாசலில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஈஸ்டர் வரை இருக்கும்.

திரைப்படக் கழகத்தின் மற்ற உறுப்பினர்களும் பட்டியல் எழுதுகிறார்கள். அவையும் அதே பெட்டிக்குள் ஒட்டப்படுகின்றன. ஆனால் ரொட்டி வாங்கப் போகிறவர்கள் நின்று வாசிப்பது அசிமினாவினுடையதைத்தான். அவர் எந்தப் படத்தின் கதையையும் சொல்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுவார். ‘தூக்கம் வரும், விழித்த பிறகு வருத்தப்படுவீர்கள்.’ ‘கணவரை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.’ முள்ளம்பன்றி ஒன்று பள்ளிக்கூடம் போகும் குழந்தைகள் படத்தை, பெரிய விருதுகள் பெற்ற போர்ப் படத்துக்கு மேலே வைத்த ஆண்டும் உண்டு. வேறோர் ஆண்டில் முதலிடத்தை வெறுமையாக விட்டு, ‘இவ்வருடம் இங்கே எதுவும் வரவில்லை’ என்று எழுதினார். பட்டியலில் எதற்கும் வணங்காத நேர்மை இருப்பதை ஊர் அன்றுதான் முழுதாக உணர்ந்தது. அந்த ஆண்டு இரண்டாமிடத்துப் படம் மறுபடி திரையிடப்பட்டபோது அரங்கில் நிற்கவும் இடமில்லை.

கோடையில் திரையரங்கு தெருவுக்கு எதிர்ப்புறத்து முற்றத்துக்கு இடம்பெயரும். சரளைக்கல் தரை, துணி நாற்காலிகள், மதிலெங்கும் மல்லிகை, மேலே வானம். அசிமினாவின் வீட்டுச் சமையலறைப் பால்கனி அந்தத் திரையைப் பார்த்தவாறே அமைந்திருக்கிறது. அண்டை வீட்டார் தத்தம் பால்கனிகளில் தர்ப்பூசணித் தட்டோடு உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கையில் அவர் மட்டும் படியிறங்கிப் போய் டிக்கெட் வாங்குவார்.

“இங்க இருந்தே நல்லாத் தெரியுதே கிரியா அசிமினா, எதுக்குக் காசைக் கொட்டுறீங்க?” என்று பக்கத்துப் பால்கனியிலிருந்து குரல் வரும். ‘கிரியா’ என்றால் அங்கே ‘அம்மணி’.

“மேல இருந்து பாத்தா எல்லாருக்கும் தலை பெருசாவும் கால் சின்னதாவும் தெரியுது. எனக்குக் காலும் வேணும்.”

இந்தப் பிடிவாதமே அவருடைய தேர்வுக்கு அடித்தளம். அவர் கொண்டுவந்து, கழகம் பின்னர் ஏற்றுக்கொண்ட விதியும் இதையே சொல்கிறது: ஊர் அரங்கில், மற்றவர்களோடு அமர்ந்து, முதற் காட்சியிலிருந்து கடைசி எழுத்து வரை பார்த்த படம் மட்டுமே ஆண்டின் படங்களில் சேரும். உறுப்பினர் ஒருவர் இடைவேளையிலேயே எழுந்துபோய்க் கடைசிப் பேருந்தைப் பிடித்துவிட்டு, டிசம்பரில் அந்தப் படங்களுக்கெல்லாம் இடம் ஒதுக்கிக்கொண்டிருந்த காலத்தில் பிறந்த விதி அது. ஆகவே, கடந்த செப்டம்பரில் நடந்தது அசிமினாவைத் தொந்தரவு செய்ததைப்போல வேறு யாரையும் செய்யவில்லை.

அது கோடை அரங்கின் கடைசி நாள். ‘நடுச்சுவர்’ என்றொரு ஜார்ஜியப் படம். தந்தை இறந்தபின் ஒரே வீட்டில் பேச்சுவார்த்தையின்றி வாழும் இரு சகோதரிகள். சொல்ல வேண்டியதையெல்லாம் நாயிடம் சொல்லி ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொள்கிறார்கள். பின்னர் வீட்டைப் பாகம் பிரித்துச் சமையலறையின் குறுக்கே சுவர் எழுப்புகிறார்கள். நாய் இளையவளின் பக்கம் போய்விடுகிறது. மூத்தவள் ஈரம் காயாத சுவரின் முன் நெடுநேரம் நிற்கிறாள். பிறகு விரலை மடக்கி ஒரே ஒரு முறை தட்டுகிறாள். திரை இருண்டது, விளக்குகள் எரிந்தன, இடைவேளை.

எல்லோரும் பூசணி விதையும் பீரும் வாங்க எழுந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அரங்கின் உரிமையாளர் பொலிக்ஸேனி திரையிடும் கருவியை நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடினார். சுமார் நாற்பது பேர் டிக்கெட் கொடுக்குமிடத்தின் கூரைக்கடியில் ஒண்டினார்கள். பெரும்பாலோரின் வீடுகள் கூப்பிடு தொலைவில்தான் இருந்தன. ஆனாலும் ஒருவரும் போகவில்லை.

“திரும்பித் தட்டுவா,” என்றார் ஒரு பெண்.

“தட்ட மாட்டா. நாய் குரைக்கும், அவ்வளவுதான்.”

“எங்க அக்கா தட்டிருந்தா நான் ரேடியோவை இன்னும் சத்தமா வச்சிருப்பேன்.”

“உங்க அக்கா எங்க தட்டுவா, அவ கதவையே உடைப்பா.”

பொலிக்ஸேனி வெளியே வந்து கைகளை விரித்தார். “வீட்டுக்குப் போங்க, என் கண்ணுங்களா. மழை விடப்போறதில்ல. படத்துக்கு அனுமதியும் இன்னியோட முடியுது. நாளைக்குக் கேட்டாலும் என்கிட்ட இருக்காது.”

அப்படியும் அவர்கள் உடனே கலையவில்லை. நனைந்த சட்டைகளோடு, முன்பின் அறியாதவர்களும் ஒருவரையொருவர் மறித்து வாதாடிக்கொண்டிருந்த அந்தக் காட்சியை அசிமினா ஓரமாக நின்று பார்த்தார். வெறும் சுவரின்மேல் விழுந்த ஒரு தட்டல் இத்தனை பேரை நிறுத்திவைத்ததை அவர் அதற்குமுன் கண்டதில்லை.

டிசம்பர் பிறந்தபோது அவர் கைவசம் ஒன்பது படங்கள் தயாராக இருந்தன. இரண்டாமிடத்துக்கு ‘மூன்றாவது சாட்சி’ என்ற ருமேனியப் படம். சிறு கார் விபத்தொன்றைப் பார்த்துவிட்ட குற்றத்துக்காக நீதிமன்றத்துக்கு அலையும் ஒரு தையற்காரியின் கதை. முதலிடம் காலியாக இருந்தது. ஆனால் முன்பொருமுறை விட்டதைப்போல அதை வெறுமையாக விடவும் முடியவில்லை. ‘எதுவும் வரவில்லை’ என்று எழுதினால் பொய். வந்தது, பாதியில் நின்றது. அதை எழுதினால், தானே கொண்டுவந்த விதியைத் தானே மீறுவதாகும். முழுதும் பார்த்ததாகச் சொல்லிவிடலாம், யாரும் சரிபார்க்கப் போவதில்லை என்ற எண்ணமும் வந்தது; சிவப்பு விளக்கில் நிற்கும்போது வந்தது, பச்சை விழுவதற்குள் போய்விட்டது.

அவருடைய மகள் இஸ்மீனி பாத்ராஸில் படிக்கிறாள். தொலைபேசியில் விஷயத்தைக் கேட்டவுடன் தீர்வு சொன்னாள்.

“அம்மா, அது கம்ப்யூட்டர்ல இருக்கு. இப்பவே அனுப்புறேன். ஒரு மணி நேரத்துல உன் பிரச்சினை முடிஞ்சுது.”

“வீட்டுல பாத்தா நடுவுல நிறுத்திட்டு வெங்காயம் உரிக்கப் போவேன். அவ சுவத்துக்கு முன்னால நின்னுட்டிருப்பா, நான் அடுப்பைத் தணிச்சுட்டிருப்பேன்.”

“நிக்கட்டுமே. அவளுக்கென்ன காலா வலிக்கப்போகுது?”

“எனக்கு வலிக்கும்.”

“நீ மாறவே மாட்டேம்மா.”

“உன்னை அடுத்த வருஷம் பட்டியல்ல சேத்துக்கறேன், போதுமா?”

அந்த மாதத்தில் அவரிடம் கார் ஓட்டப் பயின்றவர்களில் நெக்தாரியோஸ் என்ற இளம் பாதிரியாரும் ஒருவர். அங்கியின் விளிம்பு கிளட்சில் மாட்டிக்கொள்ளும் என்பதைத் தவிர நல்ல மாணவர். ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த பழைய கற்பாலத்தின் வளைவுகளுக்குக் கீழே வண்டியைத் திருப்பும்போது அவர் கேட்டார்: “இந்த வருஷம் முதல் படம் எதுங்க கிரியா? சும்மா சொல்லுங்க. பாவமன்னிப்புல கேக்குறதையே நான் வெளிய சொல்றதில்ல.”

“கண்ணாடியப் பாருங்க சாமி. பின்னால பஸ் வருது.” பேருந்து கடந்து போனபின் அசிமினா கேட்டார்: “பூசை பாதியில எழுந்து போனவன், பூசைக்கு வந்தவன்னு சொல்லலாமா?”

“எதுக்குப் போனான்? சூப் ஆறிடும்னா?”

“கூரையில்லாத கோவில். மழை வந்துடுச்சு.”

பாதிரியார் வண்டியை ஓரமாக நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு யோசித்தார். “அப்ப அவன் போகல. அனுப்பிட்டாங்க. ஆனா நற்கருணை வாங்கலையே. வாங்கினேன்னு சொல்லக்கூடாது.”

“சொல்லல சாமி,” என்றார் அசிமினா. “இண்டிகேட்டர் போடாம நிறுத்திட்டீங்க.”

படத்தின் மறுபாதியை அவர் ஏற்றுக்கொள்ளக்கூடிய முறையில் பார்ப்பதற்கு ஒரே வழிதான் இருந்தது. ஜனவரியில் ஊரிலுள்ள ஒவ்வொரு சங்கமும் புத்தாண்டு கேக் வெட்டும். திரைப்படக் கழகமும் வெட்டும். கேக்கினுள் வைத்துச் சுட்ட நாணயம் எவருடைய துண்டில் அகப்படுகிறதோ அவருக்கு அந்த ஆண்டு அதிர்ஷ்டம் என்பது எங்கும் உள்ள வழக்கம். கழகத்தில் பத்துப் படங்களும் நிரம்பிய பட்டியல் உள்ளவருக்கே துண்டு; அதற்குமேல் ஒன்றும் உண்டு: நாணயம் கிடைத்தவரின் முதலிடத்துப் படத்தை, யார் என்ன முணுமுணுத்தாலும், பொலிக்ஸேனி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கே திரையிட்டாக வேண்டும். அசிமினாவுக்கு ஒருமுறைகூட நாணயம் கிடைத்ததில்லை. அதை அவர் பெரிதாக நினைத்ததுமில்லை. இந்த ஆண்டு நினைத்தார்.

கேக் வெட்டிய ஞாயிறு காலையில் உறுப்பினர்கள் திரையரங்கின் முன்கூடத்தில் கூடினார்கள். முதலில் பட்டியல் வாசிப்பு. கழகத் தலைவர் யோர்தானிஸ் பல் மருத்துவர். வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு எதிராளியைப் பேசவிடாத பழக்கம் அவருக்குக் கூட்டங்களிலும் உண்டு. தாசோஸ் தீவுக்குப் போகும் படகில் பணிபுரியும் லம்ப்ரோஸ் தன் பத்தையும் வாசித்தார். முதலிடம், மூன்று ஆண்டுகளாக அவர் எதிர்பார்த்து, கடைசியில் வசந்தகாலத்தில் ஊருக்கு வந்து சேர்ந்த ‘படகுத்துறை’. மூன்று மணி நேரம், வசனமில்லை.

“அதுல ஒருத்தன் கயிறு கட்டவே அரை மணி நேரம் எடுத்துக்கறான்,” என்றார் பொலிக்ஸேனி. “மொத்தம் ஆறு டிக்கெட்.”

“நல்லாக் கட்டினான்,” என்றார் லம்ப்ரோஸ். “எங்க படகுல அப்படிக் கட்ட ஆளில்ல.”

“அப்ப உனக்கு அது படமில்ல லம்ப்ரோ, ஓவர்டைம்.”

அசிமினா எழுந்தார். பத்திலிருந்து இரண்டு வரை வாசித்துவிட்டுத் தாளை மடக்கினார்.

“முதலிடம் ‘நடுச்சுவர்’. இடைவேளை வரைக்கும்தான் பாத்தேன். முழுசாப் பாக்காத படம் சேராதுன்னு விதி. அதைச் சொன்னவளும் நான்தான். அதனால கேக்குறேன், சேக்கலாமா வேண்டாமான்னு நீங்க சொல்லுங்க. வேண்டாம்னா ஒன்பதோட நிக்கும். ஒன்பது வச்சிருக்கிறவளுக்குக் கேக்குல துண்டில்ல, அதுவும் தெரியும்.”

லம்ப்ரோஸ்தான் முதலில் பேசினார்.

“இத்தனை வருஷமா எங்கள விதியால அடிச்சுட்டு இப்ப நீயே இப்படி வந்து நிக்கிற. பாதிப் படத்துக்கு முதலிடம் குடுக்கறது, தெருமுனை வரைக்கும் ஓட்டினவனுக்கு லைசென்ஸ் குடுக்கற மாதிரி.”

“தெருமுனை வரைக்கும் ஓட்டினாலே எனக்குத் தெரியும். உன்னைப் பாத்ததும் தெரிஞ்சுது. நாலாவது டெஸ்ட்லதான் லைசென்ஸ் வாங்கினே.”

சிரிப்பு அடங்கியபின் லம்ப்ரோஸ் தணிந்த குரலில் சொன்னார்: “நவம்பர்ல சலோனிகா போனப்ப நான் அதை முழுசாப் பாத்தேன் அசிமினா. வெளியூர்ல பாத்தது, அதனால என் பட்டியல்ல சொல்ல முடியாது. ஆனா அந்த ரெண்டாம் பாதி...”

அசிமினா இரு காதுகளையும் பொத்திக்கொண்டார். “இன்னும் ஒரு வார்த்தை பேசினே, இனி தாசோஸுக்கு நீ நீந்தித்தான் போவே.”

“சொல்லல. எதுக்கு இந்த வயசுல நீச்சல்.”

யோர்தானிஸ் மேசையைத் தட்டினார். “வாயை மூடுங்க. படத்தைச் சேக்கலாம்னு நினைக்கிறவங்க கையத் தூக்குங்க.”

மழையன்று கூரைக்கடியில் நின்றிருந்த அனைவரும் கையை உயர்த்தினார்கள். மற்றவர்களில் சிலரும் உயர்த்தினார்கள். லம்ப்ரோஸ் உயர்த்தவில்லை. விதி அந்த ஒரு படத்துக்காக, அந்த ஒரு ஆண்டுக்காகத் தளர்த்தப்பட்டது. அசிமினாவின் தாளில் ‘நடுச்சுவர்’ என்ற பெயருக்கு எதிரே, ‘இடைவேளை வரை பார்த்தேன், வீட்டுக்குப் போக மனம் வரவில்லை’ என்ற வரி எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதப்பட்டது.

நெக்தாரியோஸ் பாதிரியார் கேக்கை ஆசீர்வதித்தார். யோர்தானிஸ் கத்தியால் சிலுவை கீறிவிட்டு வெட்டத் தொடங்கினார்: முதல் துண்டு கிறிஸ்துவுக்கு, அடுத்தது கன்னி மரியாளுக்கு, அடுத்தது அரங்குக்கு, அடுத்தது ஏழைகளுக்கு. அதன்பின் உறுப்பினர்கள், கழகத்தில் சேர்ந்த வரிசைப்படி. அசிமினாவும் லம்ப்ரோஸும் ஒரே மாலையில் சேர்ந்தவர்கள். ஆகவே அவர்களுடைய துண்டுகள் எப்போதும் அடுத்தடுத்தே வரும். அந்த இரண்டையும் பிரிக்க இறங்கிய கத்தி பாதியில் நின்றது. உலோகத்தில் உலோகம் பட்ட ஓசை மேசையைச் சுற்றியிருந்த எல்லோருக்கும் கேட்டது.

“ரெண்டுக்கும் நடுவுல,” என்றார் யோர்தானிஸ்.

இத்தகைய சந்தர்ப்பத்தில் எல்லா வீடுகளிலும் மூளும் சண்டை இங்கேயும் மூண்டது. நாணயத்தின் பெரும்பகுதி எந்தத் துண்டில் இருக்கிறதோ அத்துண்டுக்கே அது சொந்தம். அதில் எவருக்கும் மாற்றுக் கருத்தில்லை. பெரும்பகுதி எது என்பதில் ஆளுக்கொரு கருத்து. கத்தியை அசைக்காதே என்று ஒருவர். அசைத்தாயிற்று என்று மற்றொருவர். பொலிக்ஸேனி விளக்கை இழுத்துவந்து பிடித்தார். யோர்தானிஸ் மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, கடைவாய்ப் பல்லைப் பரிசோதிக்கும் பாவனையில் வெட்டுக்குள் குனிந்து பார்த்தார். அசிமினா இரு கைகளையும் கோட்டுப் பைகளுக்குள் விட்டுக்கொண்டு நின்றார். மேட்டுத் தெருவில் கார் பின்னோக்கி உருளும்போதுகூட அவர் முகத்தில் காணாத இறுக்கம் அப்போது இருந்ததைப் பாதிரியார் கவனித்தார்.

“லம்ப்ரோஸோடது,” என்றார் யோர்தானிஸ், நிமிர்ந்து. “சந்தேகமே இல்ல. அசிமினா பக்கம் வெறும் ஓரம்தான்.”

லம்ப்ரோஸ் நாணயத்தை எடுத்து மாவைத் துடைத்தார். அவருக்கும் அதுவரை கிடைத்ததில்லை. ஊர் முழுவதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அமர்ந்து அந்தப் படகுக்காரன் கயிறு கட்டுவதைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

“ஆறு டிக்கெட்டா, ஏழா?” என்று பொலிக்ஸேனி பெருமூச்சு விட்டார். “எந்த ஞாயிறுன்னு சொல்லு, பழிய ஏத்துக்கறேன்.”

லம்ப்ரோஸ் நாணயத்தை உள்ளங்கையில் புரட்டினார். அசிமினா அவரைப் பார்க்காமல் தட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார்.

“‘நடுச்சுவர்’ போடுங்க,” என்றார் லம்ப்ரோஸ்.

யோர்தானிஸ் குறுக்கிட்டார். “உன்னோட முதல் படத்தைத்தான் போடணும். அதுதான் வழக்கம்.”

“இப்பத்தான ஒரு விதியத் தளத்தினீங்க. இதையும் தளத்துங்க. நாணயம் என் கையில இருக்கு.”

அசிமினா தட்டைக் கீழே வைத்தார். “உன் படத்தை விட்டுக்குடுத்து எனக்கு உபகாரம் செய்ய வேண்டாம் லம்ப்ரோ.”

“உபகாரமா? பாத்துட்டு வா, அப்புறம் சொல்லு உபகாரமா தண்டனையான்னு. ஊரு பூரா நம்புற தாள்ல பாதி தெரியாம ஒண்ணு ஒட்டிக் கிடக்கறது எனக்குப் பிடிக்கல. அவ்வளவுதான்.”

ஜனவரியின் கடைசி ஞாயிறு, பூசை முடிந்த நண்பகலில், அரங்கு நிரம்பியது. அசிமினாவின் முதலிடம் என்று வாசலில் எழுதிப்போட்டிருந்ததே அதற்குப் போதுமானதாக இருந்தது. மழையில் நனைந்தவர்கள் தங்கள் சகோதரிகளையும் அழைத்து வந்திருந்தார்கள். முதற்பாதி அவர் நினைவில் இருந்ததைவிடவும் நன்றாக இருந்தது. மூத்தவள் சுவரைத் தட்டினாள். விளக்குகள் எரிந்தன. இம்முறை அவர் இருக்கையை விட்டு எழவில்லை.

மறுபடி இருண்டதும் இளையவள் திருப்பித் தட்டினாள். உடனே தட்டினாள், முதல் காட்சியிலேயே. அதோடு வயலின்கள் தொடங்கின. தொடங்கியவை பிறகு ஓயவேயில்லை. சுவரின் இருபுறமும் நின்று இரண்டு பெண்களும் தங்கள் குழந்தைப் பருவத்தை முழுவதுமாகப் பேசினார்கள். முற்பாதியில் ஒரு பார்வையால் உணர்த்தப்பட்டவை யாவும் இப்போது வாயால் சொல்லப்பட்டன. ஒரு நல்ல வழக்கறிஞர் வந்தார். சகோதரிகள் சமையலறையில் ஒருமுறை கட்டியணைத்தார்கள். தந்தையின் கல்லறையில் ஒருமுறை. சுவர் இடிக்கப்பட்ட பின் தூசிக்கு நடுவே ஒருமுறை. அசிமினாவைச் சுற்றிலும் கைக்குட்டைகள் வெளிவந்தன. அவர் வறண்ட கண்களோடு உட்கார்ந்திருந்தார். செப்டம்பரிலிருந்து அவர் மனத்துக்குள் ஒரு மறுபாதி ஓடிக்கொண்டிருந்தது. அதில் இளையவள் தட்டியதே இல்லை, சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றாள், அவ்வளவே. தான் முதலிடத்தில் வைத்தது தானே எடுத்து முடித்த அந்தப் படத்தைத்தான் என்பது அவருக்கு இப்போது தெளிவாகத் தெரிந்தது. கடைசி எழுத்து திரையைவிட்டு நகரும்வரை அவர் அசையவில்லை.

முன்கூடத்தில் ஊரே அவருக்காகக் காத்திருந்தது.

“பிரமாதம்,” என்று யோர்தானிஸ் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “அரைப் படத்தைப் பாத்தே கண்டுபிடிச்சுட்டீங்களே. எக்ஸ்ரே கண்ணு உங்களுக்கு.”

“எங்க அக்காவுக்குப் போன் பண்ணப் போறேன்,” என்றார் மழையன்று ரேடியோவைப் பற்றிப் பேசியவர், மூக்கைச் சிந்தியபடி.

பொலிக்ஸேனி கணக்குப் போட்டுவிட்டிருந்தார். “இந்த வாரம் பூரா ஓட்டப்போறேன் என் கண்ணே. அனுமதி வாங்கிட்டேன். உன் பேரைப் பெருசாப் போட்டு ஒட்டிட்டா போதும்.”

லம்ப்ரோஸ் தூணருகே நின்றிருந்தார்.

அசிமினா சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் அவரிடம் விளக்கம் கேட்கவில்லை; எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள்; அவர் வெறுமனே நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

“கண்ணாடிப் பெட்டிச் சாவியக் குடு பொலிக்ஸேனி,” என்றார்.

“எதுக்கு?”

“இடத்தை மாத்தணும். அது முதலிடம் இல்ல.”

பாதிரியார்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “ஏங்க கிரியா, ரெண்டு பேரும் சேந்துட்டாங்களே?”

“சேந்தது நல்லதுதான் சாமி. அதை மூணு தடவை சேக்கணுமா? முதல் பாதியில அந்தப் பொண்ணுங்க நம்மளை நம்பிப் பேசாம இருந்தாங்க. ரெண்டாம் பாதியில நமக்குப் புரியாதுன்னு நினைச்சுட்டாங்க.”

“எனக்குப் பிடிச்சுதே,” என்றார் ஒரு பெண், சற்று மனத்தாங்கலோடு.

“பிடிக்கட்டும் அம்மா. அழுததும் பொய்யில்ல. நான் எழுதினது மட்டும் தப்பு.”

பொலிக்ஸேனி அவரை ஓரமாக இழுத்தார். “ஒரு வாரம் பொறு. அடுத்த ஞாயிறு வரைக்கும். அப்புறம் என்ன வேணா எழுது. ஊரு பூரா உன் பேரைப் பாத்துத்தான் வருது, தெரியுமில்ல?”

“தெரியும். அதனாலதான் இன்னிக்கே.”

பொலிக்ஸேனி முணுமுணுத்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார். அசிமினா பெட்டியைத் திறந்து தாளை எடுத்து, டிக்கெட் கொடுக்கும் பலகையின்மேல் வைத்தார். ‘நடுச்சுவர்’ என்பதைக் கிழிக்கவோ மறைக்கவோ இல்லை. படிக்கும்படியாக ஒரே கோடு இழுத்தார். ஏழாமிடத்தில் அதை மீண்டும் எழுதி, எதிரே, ‘இப்போது முழுதும் பார்த்தேன். இடைவேளையில் மழை பெய்தால் அதிர்ஷ்டம்’ என்று குறித்து, அன்றைய தேதியும் இட்டார். முதலிடத்துக்கு ‘மூன்றாவது சாட்சி’ ஏறியது. பின்னால் நின்றவர்கள் அவருடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள்.

“அந்தத் தையக்காரி படமா? அது எப்ப வந்துச்சு?”

“மார்ச்ல. நீ வரல.”

“கார் ஓடுற படம்னாலே இந்தம்மாவுக்கு முதலிடம்தான்.”

“காரு அதுல மூணு நிமிஷம்கூட ஓடாது. மிச்சமெல்லாம் அந்தப் பொம்பள பஸ்ஸுக்காகக் காத்திருக்கா.”

“அப்ப நான் வரேன். எப்பப் போடுவீங்க பொலிக்ஸேனி?”

“இப்ப அதுக்கு வேற அனுமதி வாங்கணுமா,” என்று பொலிக்ஸேனி சலித்துக்கொண்டார். ஆனால் கேட்டவரின் பெயரையும், அவருக்குப் பின்னால் கையை உயர்த்திய இன்னொருவரின் பெயரையும் மனத்துக்குள் எண்ணிக்கொண்டார்.

லம்ப்ரோஸ் அருகே வந்து தாளைப் படித்தார். “ஏழாவதா? நானா இருந்தா ஒன்பதுக்குத் தள்ளியிருப்பேன்.”

“அந்த முதல் தட்டலுக்கு ஏழு குடுத்தே ஆகணும்,” என்றார் அசிமினா. தாளை ஒட்டிக் கண்ணாடியைப் பூட்டினார். “தண்டனைதான் லம்ப்ரோ. ஆனா உன் படகுக்காரனை எனக்காக விட்டுக்குடுத்தியே, அது இந்த வருஷம் எந்தப் படத்துலயும் நான் பாக்கல.”

“அதையும் அதுல எழுதுறதுதானே.”

“அது படமில்ல. பட்டியல்ல வராது,” என்று சொல்லிச் சாவியைப் பொலிக்ஸேனியிடம் நீட்டினார்.